ஊசி போட்ட ஆள் மாறினால் சுண்டெலி மாறுமா? (மருந்து, வாசம், எதிர்பார்ப்பு பற்றி ஒரு கேள்வி)

குறுமண்வெளி | இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருசச் செயற்றிட்டத்துக்கு நொச்சி இலைச் சாற்றின்ட வலிநிவாரணத்தைச் சுண்டெலியில பார்த்துக்கொண்டிருக்கிறம். நானும் என்ட பட்ச் பிள்ளை ஒராளும் சேர்ந்து செய்யிறம். சூட்டுத் தட்டுச் சோதனை. சூடான தட்டில எலியை விட்டு, அது பின்னங்காலை நக்கத் தொடங்கும் வரைக்கும் எத்தனை செக்கன் எண்டு பார்க்கிறது. வலி குறைஞ்சிருந்தா நேரம் கூடும்.

சிக்கல் என்னெண்டா, நான் விடுற எலிகள் எல்லாம் கூட நேரம் நிக்குது. சாறு குடுத்த எலி மட்டும் எண்டா பரவாயில்ல, வெறும் தண்ணி குடுத்த எலியும் அப்பிடித்தான் நிக்குது. அவ விடுறதுகள் கெதியா காலை நக்கிப்போடுது. எலி எல்லாம் ஒரே கூடு, தீன் ஒண்டு, நேரமும் ஒண்டு. மேற்பார்வையாளர் "ரெண்டு பேரில ஒராளுக்கு எலி பிடிக்கத் தெரியல்ல, ஒராளின்ட தரவை விட்டுட்டு எழுதுங்க" எண்டு சொல்லிட்டார். யாரின்ட தரவை விடுறது? இப்பிடி ஆருக்கும் நடந்திருக்கா?

லாப்_அண்ணன் | இரவு 9.25

தம்பி, ஒருத்தரின்ட தரவையும் விடாதீங்க. நீங்க கண்டது ஏற்கெனவே பதிவான விசயம்.

2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெவ்ரி மோகிலின் குழு ‘நேச்சர் மெதட்ஸ்’ சஞ்சிகையில் இதையேதான் எழுதினது. ஆண் ஆய்வாளர் பக்கத்தில் இருந்தால் சுண்டெலியும் எலியும் வலியைக் குறைவாகக் காட்டின. பெண் ஆய்வாளர் இருந்தால் அந்த மாற்றம் இல்லை. ஆளே வரத் தேவையில்லை, ஆண் ஒருவர் முதல் நாள் இரவு போட்டிருந்த டீசேர்ட்டைக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதே விளைவுதான். அறிமுகமில்லாத ஆண் விலங்குகள் கிடந்த படுக்கைத்தூளும் அப்படியே செய்தது. எலி அங்கே நிம்மதியாக இல்லை, பயந்துபோய் இருக்கு. வாசத்தைப் பிடித்ததும் கோர்ட்டிகோஸ்டெரோன் எண்ட அழுத்த ஹோர்மோன் ஏறுது, அந்த அழுத்தம் வலியை அமத்துது. உங்கட தண்ணி குடுத்த எலி தட்டில கூட நேரம் நிண்டதுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எலியைத் தூக்கும்போது கொஞ்சம் உத்துப் பாருங்க. வாலில் பிடிச்சுத் தூக்கின உடனே மயிர் சிலிர்க்கும், காது பின்னுக்குப் படியும், கையுறையில புழுக்கை விழும். அப்ப அது ஏற்கெனவே வேறொரு நிலைக்குப் போயிட்டுது, நீங்க மருந்தைக் குடுக்கிறது அந்த நிலையில இருக்கிற உடம்புக்கு. 2010இல் லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் காட்டினது இதைத்தான். வாலில் தூக்காமல் ஒரு குழாய்க்குள் அதுவாக நடந்து வரவிட்டுத் தூக்கினால், அல்லது உள்ளங்கையைக் குவிச்சு ஏந்தினால், பதற்றம் நல்லாக் குறையுது. குழாய்க்குப் பெரிய செலவு இல்லை. நாளைக்கே தொடங்கலாம்.

மறுகா, போதை மருந்துப் பக்கம் வந்தால் இதைவிடப் பெரிய கதை இருக்கு. கெட்டமின் தெரியும்தானே, மயக்க மருந்து. குறைந்த அளவில் மனச்சோர்வுக்கும் குடுக்கிறாங்க, போதைக்காகப் பாவிக்கிறவங்களும் உண்டு. 2022இல் அமெரிக்காவின் மேரிலன்ட் பல்கலைக்கழகத்தில் ரொட் கூல்டின் குழு கண்டது: சுண்டெலிக்கு ஆண் ஊசி போட்டால் கெட்டமினின் மனச்சோர்வு நீக்கும் விளைவு தெரியுது, பெண் போட்டால் தெரியல்ல. மருந்தும் அளவும் மாறவே இல்லை. காரணத்தைத் தேடிப் போய் மூளையில் கோர்ட்டிகோட்ரோபின் விடுவிப்புக் காரணி எண்ட அழுத்த இரசாயனத்தில் நிண்டாங்க. பெண் ஆய்வாளர் கெட்டமினோடு அந்தக் காரணியையும் சேர்த்து ஏத்தினபோது விளைவு வந்தது. அப்ப இத்தனை வருசமாக ‘கெட்டமின் வேலை செய்யுது’, ‘செய்யல்ல’ எண்டு ஆய்வுகூடங்கள் சண்டை பிடிச்சதில் ஒரு பங்கு, ஊசி பிடிச்ச கை ஆரின்ட கை எண்டதில் கிடந்திருக்கலாம்.

குறுமண்வெளி | இரவு 9.51

அண்ணன், பெரிய நன்றி. ஆனா ஒரு கேள்வி. இது எல்லாம் அழுத்தம்தானே? எலிக்குப் பயம் வந்தது, உடம்பு மாறினது, மருந்து வேற மாதிரி வேலை செய்தது. ‘எதிர்பார்ப்பு’ எண்டு சிலர் எழுதுறாங்களே, எலி எதையும் எதிர்பார்க்குமா?

களுவாஞ்சி_சேர் | இரவு 10.20

மகன் கேட்டது சரியான கேள்வி. உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன். பலர் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

மோகிலும் கூல்டும் காட்டியது சூழலின் குறி உடலின் அப்போதைய நிலையை மாற்றுவது. எதிர்பார்ப்பு என்றால் முன்பு நடந்ததிலிருந்து கற்று, இனி நடக்கப்போவதற்கு உடல் முன்கூட்டியே ஆயத்தமாவது. இதற்கும் பழைய சான்றுகள் உண்டு. பாவ்லோவின் ஆய்வுகூடத்தில் நாய்களுக்குத் தொடர்ந்து மோர்பின் ஏற்றினார்கள். சில நாட்களில், ஊசிக்கான ஆயத்தங்களைக் கண்ட மாத்திரத்திலேயே, மருந்து உள்ளே போகுமுன்னரே, நாய்க்கு வாயூறிக் குமட்டல் வந்தது. 1962இல் ரிச்சர்ட் ஹேர்ன்ஸ்டைன் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எலிகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நெம்பை அழுத்தினால் பால் கிடைக்கும் என்று பழகிய எலிக்கு ஸ்கொபொலமின் என்ற மருந்தை ஏற்றினால் அந்த வேலை குழம்பும். பல தடவை அப்படி ஏற்றிய பின் வெறும் உப்புநீரை ஏற்றினாலும் எலி குழம்பியது. போலி மருந்து விளைவு மனிதனுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அதுவே ஆரம்பச் சான்றுகளில் ஒன்று.

சுண்டெலியில் இப்போது இதற்கு நரம்புப் பாதையே வரைந்துவிட்டார்கள். 2024இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வட கரோலினாவிலிருந்து கிரெகரி ஷெரரின் குழு எழுதியது. ஒன்றோடொன்று இணைந்த இரண்டு அறைகள். ஒன்றின் தரை சுடும், அடுத்ததற்குப் போனால் ஆறுதல். சுண்டெலி இதைக் கற்றுக்கொண்ட பின் இரண்டு தரையையும் ஒரே அளவில் சூடாக்கினார்கள். இருந்தும் ‘ஆறுதல் அறை’யில் நின்ற சுண்டெலி வலியைக் குறைவாகக் காட்டியது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பெருமூளையின் முன் சிங்குலேட் புறணியிலிருந்து மூளைத்தண்டின் பொன்ஸ் பகுதிக்கு இறங்கி, அங்கிருந்து சிறுமூளையைத் தொடும் பாதை அந்த நேரத்தில் இயங்கியதைப் பதிவு செய்தார்கள். எலி எதிர்பார்க்குமா என்று கேட்டால் என் பதில்: எங்களைப் போல் நினைத்துப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது, உடல் எதிர்பார்க்கிறது என்பதில் ஐயம் இல்லை.

இன்னொன்றும் உண்டு, ஆய்வாளரின் எதிர்பார்ப்பு. 1963இல் ரொபர்ட் ரோசென்தாலும் கேர்மிட் போடும் 12 மாணவர்களுக்கு 60 எலிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ‘இவை புத்திசாலி எலிகள்’ என்றும், மற்றவர்களுக்கு ‘இவை மந்தமானவை’ என்றும் சொன்னார்கள். எல்லாம் ஒரே வகை எலிகளே. ‘புத்திசாலி’ எலிகள் புதிர்ப்பாதையை நன்றாகக் கற்றுக்கொண்டன. அந்த மாணவர்கள் தங்கள் எலிகளைக் கூடுதல் மென்மையாகக் கையாண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் மகன், நிறுத்தற்கடிகாரம் பிடிப்பவருக்கு எந்த எலி சாறு குடித்தது, எது தண்ணீர் குடித்தது என்று தெரியக் கூடாது. குறிப்பை மூன்றாவது ஆள் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஆழி | இரவு 10.47

லாப் அண்ணன், சேர், ரெண்டு பேருக்கும் நன்றி. நான் கல்லடிப் பக்கம் இளைஞர்களோட உளவளத்துணை வேலை செய்யிறவ. ஐஸ், குடு (ஹெரோயின்), கசிப்பு (கள்ளச்சாராயம்) எண்டு வாற பிள்ளைகளோடதான் என்ட நாள் போகுது. வாற பெற்றோர் எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கிறாங்க: "அந்தச் சாமான் உடம்பில என்ன செய்யுது மிஸ்?" சாமானைப் பற்றி மட்டும்தான் கேள்வி. ஆரோட இருந்து எடுத்தான், எந்த இடம், என்ன நேரம் எண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல. இந்த எலி ஆய்வுகளை நான் தேடிப் படிக்கிறது அதனாலதான்.

‘எலிப் பூங்கா’ பற்றி இஞ்ச ஒருத்தரும் சொல்லல்லையே? 70களின் கடைசியில் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்ஸாண்டர் செய்தது. தனிக் கூட்டைவிட ஏறத்தாழ 200 மடங்கு பரப்பு, மரத்தூள், பெட்டிகள், விளையாடச் சாமான், கூடி வாழ ஆணும் பெண்ணுமாக எலிகள். சீனி கலந்த மோர்பின் தண்ணியும் வெறும் தண்ணியும் வைத்தபோது தனிக் கூட்டு எலிகள்தான் மோர்பினைக் கூடக் குடிச்சது. ஒரு கட்டத்தில் 19 மடங்கு வரைக்கும். இதைப் படிச்ச நாளில இருந்து பெற்றோரிட்ட நான் சொல்றது ஒண்டுதான், பிள்ளையைத் தனிய விடாதீங்க.

லாப்_அண்ணன் | இரவு 11.15

ஆழி அக்கா, சொல்ற அறிவுரை நல்லது. எலிப் பூங்காவை மட்டும் அதுக்கு அத்திவாரமாக வைக்காதீங்க. 1996இல் பெட்ரி எண்டவர் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரல்ல. எந்த இன எலி எண்டதே பெரிய வித்தியாசத்தைக் குடுக்குது. எங்கட சுண்டெலிகளிலயே பாருங்க, சி57 கறுப்புச் சுண்டெலி மதுவை விரும்பிக் குடிக்கும், டிபிஏ இனம் கிட்டவும் போகாது. மோர்பின் கசப்பு, அதனால சீனி கலந்தாங்க. அப்ப எலி இனிப்பைத் தேடினதா, மோர்பினைத் தேடினதா எண்ட கேள்வியும் வரும்.

ஆழி | இரவு 11.32

அந்த மறுப்புகளை நானும் படிச்சிருக்கிறன் தம்பி. ஆனா ஒரு முறை அதே முடிவு திரும்பிவராததால கேள்வியே செத்துப்போகாது. அலெக்ஸாண்டர் கேட்டது சரியான கேள்வி: தனிக் கூட்டில அடைச்ச பிராணியை வைச்சுப் போதைக்கு அடிமையாகிற விதத்தைப் படிக்கலாமா? அதுக்கு ஆர் நல்ல பதில் சொல்லியிருக்கிறாங்க எண்டு சொல்லுங்க.

லாப்_அண்ணன் | இரவு 11.58

சொல்றன். 2018, ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’. பால்டிமோரில் மார்கோ வெனீரோவும் யாவின் ஷஹாமும். இது சுண்டெலி இல்லை, எலி.

கூட்டில ரெண்டு நெம்பு. ஒண்டை அழுத்தினால் நாளத்துக்குள்ள மெத்தம்பெட்டமின் இறங்கும், அதாவது எங்கட பொடியன்கள் ‘ஐஸ்’ எண்டு சொல்றது. மற்றதை அழுத்தினால் கதவு திறந்து இன்னொரு எலியோட கொஞ்ச நேரம் கூடி இருக்கலாம். பல நாள் மருந்துக்குப் பழக்கப்பட்ட எலிகள். தெரிவு குடுத்தபோது கிட்டத்தட்ட எல்லாம் கதவைத்தான் தெரிஞ்சது. அடிமைத்தனத்தின்ட அளவுகோலில கூடின புள்ளி எடுத்த எலிகூட அப்படித்தான். அதைவிட முக்கியம், மருந்தை வலுக்கட்டாயமா நிப்பாட்டின எலிகளுக்கு நாள் போகப் போக ஏக்கம் கூடினது. கூட்டாளியைத் தெரிஞ்சு அதனால தானாக மருந்தை விட்ட எலிகளுக்கு அந்த ஏக்கம் அப்பிடி வளரல்ல.

ஆனா அக்கா, இந்த ஆய்வின்ட மற்றப் பாதியையும் பெற்றோருக்குச் சொல்லுங்க. கதவு திறக்கப் பிந்தினால், அல்லது கூட்டாளியிட்டப் போறதுக்குக் காலில மின்னதிர்ச்சி குடுத்துத் தண்டிச்சால், எலி கிறுகி மருந்துக்கே போயிட்டுது. துணை இருக்கிறது மட்டும் காணாது. உடனே கிடைக்கோணும், அடி வாங்காமக் கிடைக்கோணும்.

மருதமுனை_நானா | காலை 6.10

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இரவு முழுக்க வாட்டில் டியூட்டி. இப்பதான் இதெல்லாம் வாசிச்சன். லாப் தம்பியும் சேரும் சொன்னதுக்குப் பக்கத்தில வைக்க வேண்டிய இன்னொரு ஆய்வு இருக்கு. தாதி உத்தியோகத்தரா இருக்கிற எங்களுக்கு அது எலிக் கதை இல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விசயம்.

கனடாவின் மெக்மாஸ்ட்டர் பல்கலைக்கழகத்தில ஷெப்பர்ட் சீகல், 1982, ‘சயன்ஸ்’. எலிகளுக்கு ஹெரோயினை அளவு கூட்டிக் கூட்டி ஏத்தினாங்க, எப்பவும் ஒரே அறையில வைச்சு. கடைசியில எல்லாத்துக்கும் ஒரே பெரிய அளவு. வழக்கமான அறையில ஏத்தினதுகளில 32 வீதம் செத்தது. மருந்து கிடைச்சுப் பழகாத வேற அறையில ஏத்தினதுகளில 64 வீதம். ஹெரோயினே முன்னப்பின்ன அறியாத எலிகளில 96 வீதம். நடுவில இருக்கிற அந்த 64ஐப் பாருங்க. அந்த எலிகளும் பழகின எலிகள்தான், மாறினது அறை மட்டும்.

சீகல் சொன்ன விளக்கம் சேர் சொன்ன எதிர்பார்ப்புத்தான். வழக்கமான இடம், வழக்கமான வாசம், வழக்கமான ஆள் எண்டு குறிகள் வந்த உடனே, மருந்து வருமுன்னமே உடம்பு அதுக்கு எதிரா ஆயத்தமாகிடும். தாங்குதிறனில (பழகப் பழக அதே அளவு முந்தின மாதிரிப் பிடிக்காம வாறது) ஒரு பெரிய பங்கு இந்த ஆயத்தம். புது இடத்தில அந்தக் குறிகள் இல்ல, உடம்பு ஆயத்தமில்லாம நிக்கிது, அதே அளவு ஆளை விழுத்திடுது. இதே குறிகள் மருந்து இல்லாம வந்தா நடக்கிறது வேற. ஆயத்தம் மட்டும் வருது, மருந்து வரல்ல. அதுதான் நடுக்கம், வியர்வை, ஏக்கம். விட்டுட்டன் எண்டு சொல்லி ஊருக்கு வந்த பொடியன் பழைய ஒழுங்கையால போகக்குள்ள மனம் பதறுதே, அதை இந்தக் கண்ணால பாருங்க. எல்லாத்தையும் மனஉறுதி இல்ல எண்டு சொல்லித் தள்ளிடாதீங்க.

தம்பிலுவில்_பிள்ளை | காலை 7.35

நான் இஞ்ச வாசிக்க மட்டும்தான் வாறன், எழுதுறல்ல. நானாவின்ட பதிவை வாசிச்ச பிறகு எழுதாம இருக்க ஏலாம இருக்கு.

என்ட தம்பி குடு எடுத்தவன். புனர்வாழ்வுக்குப் போய் பல மாதம். வாற வெள்ளிக்கிழமை வீட்ட வாறான். அம்மாவும் மாமாவும் போட்ட திட்டம்: வந்த உடனே ஃபோனை வாங்கிறது, பின் அறையில வைச்சிருக்கிறது, பழைய பொடியன்கள் படலைக்குள்ள வந்தா துரத்துறது, ரெண்டு மூண்டு மாதம் வெளிய விடுறல்ல. நான் வேணாம் எண்டுறன். எனக்கு ஏன் வேணாம் எண்டு விளக்கிச் சொல்லத் தெரியல்ல. வெல்லாவெளியில சித்தப்பா வயல் செய்யிறார், அங்க அனுப்புவம் எண்டும் ஒரு கதை. இந்த எலி ஆய்வுகளை வைச்சு ஏதும் சொல்ல ஏலுமா?

குறுமண்வெளி | காலை 8.05

அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்க. எலியில கண்டதை உங்கட தம்பிக்கு அப்பிடியே போடுறது எனக்குச் சரியாப் படல்ல. எங்கட லாபில ஆள் மாறினதுக்கே எலி மாறுது. அப்பிடிப்பட்ட பிராணியில இருந்து மனுசருக்கு எப்பிடித் தாவுறது?

களுவாஞ்சி_சேர் | காலை 8.30

மகனின் எச்சரிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும். நெம்பு, கதவு, சூட்டுத் தட்டு, இவை எதுவும் ஒரு மனித வாழ்க்கை அல்ல. ஆனால் மனிதரிடம் பார்த்த சான்று ஒன்றும் இல்லையென்று நினைக்கவும் வேண்டாம். 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடித் தேடி விசாரித்தார். அங்கு இருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெரோயினுக்கோ அபினுக்கோ அடிமையாகியிருந்ததாகச் சொன்னார்கள். நாடு திரும்பிய முதல் வருடத்தில், அவ்வாறு அடிமையாகியிருந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரளவே மறுபடி அந்த நிலைக்குப் போனார்கள். இடமும் ஆட்களும் குறிகளும் எல்லாம் ஒரேயடியாக மாறிவிட்டன.

எங்கள் பிள்ளைகளுக்கு நடப்பது இதற்கு நேர்மாறானது. பிள்ளையை வேறிடத்துக்குக் கொண்டுபோய்ச் சுகப்படுத்தி, பாவித்த அதே சந்திக்கே திருப்பி அனுப்புகிறோம்.

ஆழி | காலை 9.10

தங்கச்சி, முதலில ஒண்டு. தம்பி வாற நேரத்தில நீங்க யோசிக்கிறது நல்ல விசயம், தனிய யோசிக்காதீங்க.

பின் அறையில அடைக்கிற திட்டத்தை நானும் வேணாம் எண்டுதான் சொல்லுவன். காரணம், தனிமையே மருந்துப் பக்கம் தள்ளுற விசையாப் பல ஆய்வில வருது. திரும்பத் திரும்பத் தோக்கிறதும் அப்பிடித்தான். ரவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தில கிளாஸ் மிக்செக் வருசக்கணக்காகப் பார்த்தது, இன்னொரு எலியிட்ட திரும்பத் திரும்ப அடி வாங்கித் தோத்த எலிகள் கொக்கெயினைக் கூட எடுக்கிறதை. வீட்டில ஒவ்வொரு நாளும் ‘நீ எங்கட மானத்தை வாங்கினவன்’ எண்டு சொல்லிச் சொல்லி ஒரு பிள்ளையை வைச்சிருந்தா அவனும் தோத்த ஆள்தானே? இது என்ட கருத்து. எலி ஆய்வு அவ்வளவு தூரம் சொல்லல்ல.

பழைய பொடியன்கள் விசயத்தில அம்மா சொல்றதில நியாயம் இருக்கு. டேவிட்சன் கல்லூரியில மார்க் ஸ்மித் ஒரே கூட்டில, நடுவில கம்பிவலை போட்டு, ரெண்டு எலிகளை வைச்சுப் பார்த்தார். பக்கத்தில இருக்கிறதும் கொக்கெயின் எடுக்குது எண்டா எலி கூட எடுத்தது. பக்கத்தில இருக்கிறதுக்குக் கொக்கெயின் இல்ல எண்டா, தனிய இருந்த எலியைவிடவும் குறைச்சு எடுத்தது. துணை ஏத்தவும் செய்யும், இறக்கவும் செய்யும். ஆகவே ‘ஒருத்தரும் வரப்படாது’ எண்டு சொல்லாம, ஆர் வரலாம் எண்டு அம்மாவோட இருந்து பெயர் பெயரா யோசிங்க. பாவிக்காத ஒரு மச்சான், பந்தடிக்கிற ஒரு பொடியன், கோயில் வேலைக்குக் கூப்பிடுற ஒரு ஐயா. வெள்ளிக்கிழமை பின்னேரமே வரோணும். ரெண்டு கிழமை போன பிறகு வாறதில பிரயோசனம் குறைவு. லாப் தம்பி சொன்ன பிந்துற கதவை நினைச்சுக்கொள்ளுங்க.

லாப்_அண்ணன் | காலை 9.40

அம்மாவையும் கவனிக்கோணும் எண்டதுக்கு ஒரு ஆய்வு. ஒரிகனில ஆன்ட்ரே ரியாபினினின் குழு, 2016. மதுவையோ மோர்பினையோ நிப்பாட்டின சுண்டெலிகளுக்கு வலியுணர்வு கூடும், அது தெரிஞ்ச விசயம். அதே அறையில வேற கூட்டில சும்மா இருந்த, மருந்தே தொடாத சுண்டெலிகளுக்கும் அதேபோல வலியுணர்வு கூடினது. படுக்கைத்தூளை மட்டும் கொண்டுபோய் வைச்சாலும் வந்தது, வாசத்தால போயிருக்கு.

அதே ஆய்வில வேலை செய்த மொனிக் ஸ்மித் பிறகு ஸ்ரான்போர்டில ரொபர்ட் மலென்காவோட சேர்ந்து 2021இல் மறுபக்கத்தையும் காட்டினா. வலியோட இருக்கிற ரெண்டு சுண்டெலி. ஒண்டுக்கு மட்டும் மோர்பின். ஒரு மணித்தியாலம் ஒண்டாக விட்டால், மோர்பின் எடுக்காததுக்கும் வலி குறைஞ்சது. ஒருத்தரின்ட அந்தரம் வீடு முழுக்கப் பரவுற மாதிரி, ஆறுதலும் பரவுது. தம்பி வரக்குள்ள வீட்டில ஆர் நிதானமா இருக்கிறீங்களோ அவர் பக்கத்தில இருங்க.

குறுமண்வெளித் தம்பி, உங்கட கேள்விக்கும் இதிலயே பதில் இருக்கு. சாறு குடுத்த எலியையும் தண்ணி எலியையும் ஒரே கூட்டில வைச்சிருக்கிறீங்களா? அப்ப ஒண்டின்ட நிலை மற்றதுக்குப் போக இடம் இருக்கு. கூட்டு இலக்கத்தையும் சோதனை செய்த ஆளையும் பகுப்பாய்வில ஒரு காரணியாப் போடுங்க. மேற்பார்வையாளரிட்ட மோகிலின்ட கட்டுரையை அச்செடுத்துக் கொண்டு போங்க, மரியாதையாப் பேசுங்க. உங்கட வேறுபாடே செயற்றிட்டத்தில எழுதவேண்டிய முடிவு.

தம்பிலுவில்_பிள்ளை | காலை 10.15

ஆழி அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். பேசாம இருந்து கேட்டா. பிறகு "அப்ப மச்சானை வரச்சொல்லு" எண்டா. வெல்லாவெளிக்கு அனுப்புறது சரியா? பழைய இடம் இல்ல எண்டா ஏக்கம் குறையும்தானே? நானா சொன்ன அந்த அறை மாறுற கதை எனக்குப் பயமா இருக்கு.

மருதமுனை_நானா | காலை 11.05

தங்கச்சி, நித்திரைக்குப் போக முந்தி எழுதுறன், கவனமா வாசிங்க.

ரெண்டும் உண்மை. புது இடத்தில பழைய குறிகள் இல்ல, ஏக்கம் குறைய வாய்ப்பு இருக்கு. அதனால வெல்லாவெளிக்குப் போறது நல்ல யோசனைதான், சித்தப்பா அவனை நம்பி வேலை குடுப்பார் எண்டா, அங்க பேசிப் பழக ஆள் இருக்கு எண்டா. வயல் காவலுக்கு வாடியில இரவில தனிய விடுறதா இருந்தா வேணாம்.

ஆனா பல மாதம் எடுக்காத உடம்பு. தாங்குதிறன் போயிருக்கும். அவன் ஒரு நாள் தடுமாறிப் பழைய அளவை எடுத்தா, அது இப்ப அவன்ட உடம்புக்குப் பழைய அளவு இல்ல. அதுவும் பழக்கமில்லாத இடம் எண்டா சீகல் சொன்ன ஆபத்தும் சேருது. இதை அவனிட்ட நேராச் சொல்லோணும். ‘நீ எடுப்பாய் எண்டு நினைக்கிறம்’ எண்ட தொனியில சொல்லாதீங்க, ‘உன்ட உயிர் எங்களுக்கு வேணும், இது உனக்குத் தெரிஞ்சிருக்கோணும்’ எண்டு சொல்லுங்க. கூட இருந்து பேச ஒராள் வேணும் எண்டா, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு எடுக்கலாம். மனநிலைக்கு 1926.

வீட்டில எல்லாரும் அறிஞ்சிருக்க வேண்டியது: கூப்பிட்டா எழும்பல்ல, மூச்சு ஆறுதலா விட்டு விட்டு வருது, குறட்டை மாதிரி ஒரு சத்தம், உதடு நீலம், கண்மணி ஊசிமுனை போல சுருங்கியிருக்கு எண்டா அது நித்திரை இல்ல. விடியட்டும் எண்டு பார்க்காதீங்க. பக்கவாட்டில சரிச்சுப் படுக்க வையுங்க, தனிய விடாதீங்க, 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்க. என்ன எடுத்தான் எண்டு மறைக்காமச் சொல்லுங்க. ஹெரோயின் எண்டா நலோக்சோன் எண்ட ஊசி இருக்கு, மூச்சைத் திருப்பிக் கொண்டு வரும். ஐஸுக்கு அது வேலை செய்யாது. அதனாலதான் எது எண்டு சொல்றது முக்கியம்.

சித்தப்பாவுக்கும் இதைச் சொல்லிப்போட்டு அனுப்புங்க.

தம்பிலுவில்_பிள்ளை | காலை 11.30

நன்றி நானா. எல்லாத்தையும் கொப்பியில எழுதி எடுத்திட்டன். சித்தப்பாவுக்கு இரவைக்கு ஃபோன் எடுக்கிறன். வெள்ளிக்கிழமை மச்சான் மத்தியானச் சாப்பாட்டுக்கே வாறாராம்.